தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் கிளப் டைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப்போடு ஒரு நாள் டைவிங் போகப் பெயர் கொடுத்தாச்சு, சிலிண்டர் நிரப்பியாச்சு, லீவும் போட்டாச்சு. முந்தின நாள் இரவு தகவல் வருகிறது: தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, கீழே ரெண்டு மூணு மீட்டர் தெரிந்தால் அதிர்ஷ்டம். உடனே எல்லாரும் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள்தான் இவை. அடிப்படை ஸ்கூபா பயிற்சி முடித்தவர்களை மனதில் வைத்து எழுதியது, பயிற்சி முடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்க வேண்டாம்.

எத்தனை மீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் "கலங்கல்" என்று சொல்வது?

அப்படி ஒரு கோடு கிடையாது. பவளப்பாறைப் பக்கம் முப்பது மீட்டர் பார்த்துப் பழகியவருக்குப் பத்து மீட்டரே பிடிக்காது, ஏரியில் கற்றுக்கொண்டவருக்கு ஐந்து மீட்டர் திருவிழா. கிளப்புக்கு உதவுகிற அளவுகோல் வேறு. உங்கள் ஜோடி, அதாவது கூடவே இறங்கும் துணை டைவர், கை நீட்டிக் காட்டும் சைகையை நீங்கள் எவ்வளவு தள்ளி இருந்து படிக்க முடிகிறது? ஐந்து மீட்டரில் படிக்க முடிந்தால் வழக்கமான டைவ், கொஞ்சம் கவனம் கூட்டினால் போதும். இரண்டிலிருந்து ஐந்து என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும். இரண்டுக்கும் கீழே என்றால் அது தொட்டுக்கொண்டே போகிற டைவ், அதற்கென்று பழகியவர்கள் மட்டும். கையில் கட்டிய, ஆழம் காட்டும் மீட்டரையே முகத்தருகே கொண்டுவந்தால்தான் தெரிகிறது என்ற நிலைமை பொழுதுபோக்கு டைவருக்கானதே இல்லை. போலீஸ் டைவர்களும் துறைமுக வேலை செய்பவர்களும் அப்படிப்பட்ட தண்ணீரில் கையால் தடவித் தேடுவார்கள், ஆனால் அவர்களோடு மேலிருந்து கயிறு பிடிக்க ஓர் ஆள், முழு முக மாஸ்க், தயாராக உட்கார்ந்திருக்கும் இன்னொரு டைவர் என்று ஒரு ஏற்பாடே இருக்கும்.

இறங்காமலே அளந்து பார்க்க வழி உண்டா?

ஓரளவுக்கு உண்டு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், அவர் வானியல் அறிஞரும்கூட, ஒரு வெள்ளை வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணிலிருந்து மறைகிற ஆழத்தைக் குறித்தார். இன்றைக்கும் ஏரி, கடல் ஆய்வுகளில் செக்கி தட்டு புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தட்டில் எடை கட்டி, கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் கிளப்பும் இதைச் செய்யலாம். ஆனால் அது மேலிருந்து கீழாகப் பார்க்கிற அளவு. கீழே போனபின் பக்கவாட்டில் எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது, அடியில் இருக்கும் சேற்றுப் படலத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

போன வாரம் கண்ணாடி மாதிரி இருந்ததே, எப்படிக் கலங்கியது?

இதை ஆர்வத்துக்காக மட்டும் கேட்காதீர்கள். எதனால் கலங்கியது என்று தெரிந்தால்தான் காத்திருக்கலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க முடியும். அலை அடித்துக் கிளம்பிய மணல் என்றால் கனமான துகள், ஒரு மீட்டர் கீழே இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது, காற்று அடங்கினால் தண்ணீரும் அடங்கும். வண்டல் அப்படியில்லை, அதே ஒரு மீட்டருக்கு மணிக்கணக்கு ஆகலாம். களிமண்ணின் மிக நுண்ணிய துகளுக்கு நாள்கணக்கு. மழைக்குப் பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டுகிற செந்நிறத் தண்ணீர் இந்தக் கடைசி வகை, அதற்காகக் கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பச்சையாக, லேசாகக் குழம்பு மாதிரி இருந்தால் பெரும்பாலும் பிளாங்க்டன், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள். வெயிலும் சத்தும் சேர்ந்தால் பெருகும், வாரக்கணக்கில்கூட இருக்கும்.

அப்புறம் ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும், அடியில் கிடப்பதையெல்லாம் கிளப்பிவிடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் சோர்ந்துவிடும். ஒரே நாளுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு, கழிமுகம் பக்கத்தில் என்றால் ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தில்தான் பொதுவாக நல்ல தெளிவு கிடைக்கும், ஏனென்றால் வெளிக்கடலின் தண்ணீர் அப்போதுதான் உள்ளே வந்திருக்கும். கிளப் நாளுக்குத் தேதி குறிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்க்காமல் பிறையையும் பார்த்தால் பாதிப் புலம்பல் குறையும்.

மேலே கலங்கலாக இருந்தால் கீழேயும் அப்படித்தானா?

இல்லை. பிளாங்க்டன் வெளிச்சத்தைத் தேடி மேலே இருக்கும், அந்தப் படலத்தைத் தாண்டினால் சட்டென்று தெளிவாகிவிடுவது உண்டு, ஆனால் மேலே மூடியிருப்பதால் கீழே இருட்டாக இருக்கும். வண்டல் அடி உள்ள இடங்களில் இதற்கு நேர்மாறு. இளஞ்சூட்டுத் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் ஒரு அடுக்கு மட்டும் மங்கலாக இருப்பதும் உண்டு. அதனால் அனுபவமுள்ள ஒரு ஜோடி முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், அதற்குப் பிறகு மற்றவர்கள் ஸூட்டின் ஜிப்பை இழுத்தால் போதும்.

மாஸ்க் பனி பிடித்திருக்கிறதா, தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அலசி, ஊதி வெளியேற்றுங்கள். தெளிந்தால் பனி. சிரிக்காதீர்கள், டைவ் முழுக்கத் "தண்ணீர் மோசம்" என்று சொல்லிக்கொண்டே போனவர்கள் உண்டு.

யார் யாரை அனுப்பலாம்? மூன்று பேராகப் போகலாமா?

கிளப் நாளின் உண்மையான வேலையே இதுதான், சாப்பாடும் வண்டியும் அல்ல. கலங்கலில் கண் செய்கிற வேலை பாதி நின்றுபோகிறது, மீதியை உங்கள் ஜோடி செய்ய வேண்டும். அதனால் தண்ணீரை விட ஜோடி முக்கியம் என்பது என் கட்சி. நன்றாகப் பழகிய இருவர் மூன்று மீட்டர் தெரிகிற தண்ணீரில் நிம்மதியாக இருப்பார்கள், அன்று காலையில்தான் கைகுலுக்கிக்கொண்ட இருவர் எட்டு மீட்டரிலேயே ஒருவரை ஒருவர் தொலைப்பார்கள்.

மூன்று பேர் வேண்டாம். மூன்று பேர் இருந்தால் "அவனை இவன் பார்த்துக்கொள்வான்" என்று இருவருமே நினைப்பார்கள், கடைசியில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் மிச்சமானால் இரண்டாவது ரவுண்டில் ஜோடி மாற்றி அனுப்புங்கள்.

புதியவரைக் கூட்டிப்போவதென்றால் அனுபவசாலி ஒருவரோடு, ஆழம் குறைந்த இடத்தில், நேரம் குறைத்து. புதியவர்கள் இருவரைச் சேர்த்து ஒரு ஜோடியாக்குவது இந்தத் தண்ணீரில் கூடவே கூடாது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்ற பேச்சு எங்கேயாவது கேட்டால் பொறுப்பாளர் உள்ளே புகுந்து நிறுத்த வேண்டும், அந்த ஒரு வாக்கியம்தான் வேண்டாமென்று நினைப்பவரையும் தண்ணீரில் தள்ளுகிறது. குகை டைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: எந்த டைவையும், யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கிளப்பில் இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒருவர் கட்டைவிரலை மேலே காட்டி (மேலே போகலாம் என்ற சைகை) திரும்பி வந்தபின் அவரைக் கிண்டல் செய்யாமல் இருக்கிறார்களா என்பதில்தான் தெரியும்.

ஜோடியைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு நிமிடம் தேடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று திரும்பி, மேலேயும் கீழேயும் பாருங்கள், குமிழி வருகிறதா பாருங்கள். உங்கள் டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டால் எதிராளியின் வெளிச்சம் தெரிய வாய்ப்பு அதிகம், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் ஆனதும் நிதானமாக, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் மேலே போய், தண்ணீருக்கு மேல் சந்தியுங்கள்.

இந்த விதி வேலை செய்வது இருவரும் பின்பற்றும்போது மட்டும்தான். ஒருவர் மேலே போய்க் காத்திருக்க, இன்னொருவர் "கொஞ்சம் பார்ப்போம்" என்று கீழே இருபது நிமிடம் சுற்றினால், மேலே இருப்பவர் தேடுதல் ஏற்பாட்டைத் தொடங்கத்தான் வேண்டும், தொடங்குவதுதான் சரியும்கூட. பிரிந்தால், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழக்கமாக நிற்பது போல ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பதா, நேரே மேலே வருவதா என்பதையும் இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நின்று இன்னொருவர் நிற்காவிட்டால் அந்த மூன்று நிமிடம் மேலே இருப்பவருக்கு முப்பது நிமிடமாகத் தெரியும். ஏறும் வழியில் அப்படிக் கட்டாயமாக நிற்க வேண்டிய டைவையே இந்த மாதிரி நாளில் திட்டமிடாதீர்கள், அப்போதுதான் இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கும்.

சிலிண்டரைத் தட்டிக் கூப்பிட்டால் தேடி வரமாட்டாரா?

சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திசை பிடிக்கிறோம், அது இங்கே மிகவும் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கத் தட்டலாம், தொலைந்தவரை வரவழைக்க அது உதவாது.

இருவரும் கயிறு கட்டிக்கொண்டால் என்ன?

இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் தெரிகிறது என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம். ஒன்றரை இரண்டு மீட்டர் நீளக் கயிறு, இரு முனையிலும் கை நுழைகிற வளையம், இழுத்தால் கழன்று வருகிற மாதிரி. மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், ஒருவர் மாட்டிக்கொண்டால் இன்னொருவரும் சேர்ந்து மாட்டுவார். கயிற்றை இழுத்துச் சொல்லும் சைகைகள் கிளப்புக்குக் கிளப் மாறும், அதனால் எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று கரையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள். விடாமல் தொடர்ந்து இழுத்தால் ஆபத்து என்பதை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பாறை இடுக்கும் வலைத் துண்டுகளும் உள்ள இடத்தில் கயிறே தொல்லை, அங்கே கைகோத்துக்கொண்டோ தோளைத் தொட்டுக்கொண்டோ போவது மேல்.

பெரிய டார்ச் வாங்கினால் நன்றாகத் தெரியுமா?

பனிமூட்டத்தில் வண்டியின் ஹை பீமைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். தண்ணீரில் மிதக்கிற ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், எதிரே வெள்ளைச் சுவர்தான். அகலமாகப் பரவும் வெளிச்சத்தை விடக் குறுகிய கற்றை நல்லது, அதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் கையை ஒரு பக்கமாகத் தள்ளி நீட்டிப் பிடியுங்கள். டார்ச்சின் பெரிய பயன் பார்ப்பதற்கு அல்ல, பார்க்கப்படுவதற்கு. மெதுவாக வட்டமடித்தால் சரி என்று அர்த்தம், பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஜோடியின் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றும், கூடவே ஒரு சின்ன மாற்று டார்ச்சும் இருக்கட்டும்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் போகலாம்?

வழக்கமாகப் போவதில் பாதி என்று தொடங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கலங்கலில் பத்து மீட்டரிலேயே சாயங்காலம் மாதிரி ஆகிவிடும், குளிரும் இருட்டும் சேர்ந்தால் மூச்சு வேகமாகும், காற்று சீக்கிரம் தீரும். எதையும் பார்க்காமல் இறங்கும்போது எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்பதே தெரியாது, காதில் அழுத்தம் ஏறும்போதுதான் உறைக்கும். அதனால் மிதவையில் கட்டி அடியில் எடை வைத்து நிறுத்திய இறங்குகயிறு இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். ஒரு கை கயிற்றில், இன்னொரு கை காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கில், இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இறங்க வேண்டும். அடியைத் தொடுவதற்கு முன்பே பி.சி.டி.யில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) காற்றைச் சேர்த்து நின்றுவிடுங்கள். முதல் ஜோடி பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தால் பின்னால் வருகிற எல்லாருக்கும் டைவ் முடிந்தது.

தூரத்துக்கு, கயிற்றின் அடியில் ரீலின் (நூல் சுற்றிய உருளை) நுனியைக் கட்டி நூலை விட்டுக்கொண்டே போவதுதான் நம்பகமான வழி, திரும்பி வருவது நூலைச் சுற்றுகிற வேலை மட்டும். காம்பஸ் மட்டும் என்றால் போகிற கோணத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை உதை என்று எண்ணிக்கொண்டு, 180 டிகிரி திருப்பி அதே எண்ணிக்கை வர வேண்டும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் அந்தக் கணக்கும் தப்பும். எண்ணுகிற வேலை ஒருவருக்கு, ஆழமும் காற்றும் பார்க்கிற வேலை இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம் என்று வைத்துக்கொண்டால் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் தொடங்கியவர் 135 வாக்கில் திரும்பிவிடுவார். குகைக்காரர்களின் கணக்கு இது, திறந்த தண்ணீருக்கு அதிகம் என்று சிலர் சொல்வார்கள், கயிற்றைத் தேட வேண்டி வந்தால் அந்த அதிகம்தான் கைகொடுக்கும்.

நாங்களே கிளப்பிவிடாமல் இருப்பது எப்படி?

குட்டையைக் குழப்புகிறவர்கள் பெரும்பாலும் டைவர்களேதான். காலை மேலும் கீழுமாக அடித்து நீந்தினால் ஒவ்வொரு அடியும் தண்ணீரைக் கீழே தள்ளும், சேறு எழும்பும். முழங்காலை மடித்து, பாதத்தைத் தூக்கி வைத்து, தவளை மாதிரி பக்கவாட்டில் உதையுங்கள். உடம்பு கிடைமட்டமாக இருக்கட்டும், தலை மேலே கால் கீழே என்று சாய்ந்து போகிறவர் எடையை அதிகமாகக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம், கரையிலேயே சரிபாருங்கள். அடியிலிருந்து ஒரு மீட்டராவது மேலே இருங்கள். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் கிளம்பின சேறு உங்களுக்குப் பின்னால் போய்விடும். திரும்பும்போது கொஞ்சம் உயரமாக வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் சேற்றுக்குள்ளேயே நீங்கள் நுழைய வேண்டிவரும். இதே காரணத்துக்காக, எல்லா ஜோடியும் ஒரே திசையில் போக வேண்டாம்.

கீழே தலை சுற்றியது, மேல் எது கீழ் எது என்றே தெரியவில்லை. ஏன்?

கண்ணுக்குப் பிடிமானம் இல்லாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதை மூளை அப்படியே நம்பிவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஒரு காதில் முதலில் புகுந்தாலோ, இரண்டு காதிலும் அழுத்தம் ஒரே மாதிரி சமமாகாமல் போனாலோ அந்த உறுப்பு தவறான தகவல் தரும். எதையாவது பிடியுங்கள், கயிறு, பாறை, ஜோடியின் கை. ஒன்றும் கிடைக்காவிட்டால் உங்களையே இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அதுவும் உதவும். நீந்தாதீர்கள். மீட்டரை முகத்தருகே கொண்டுவந்து எண் ஏறுகிறதா இறங்குகிறதா பாருங்கள், மூச்சு விட்டுக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது பாருங்கள், குமிழி ஒருபோதும் பொய் சொல்லாது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கயிற்றைப் பிடித்தபடி மெதுவாக மேலே.

வலையிலோ தூண்டில் நூலிலோ மாட்டிக்கொண்டால்?

நில்லுங்கள். திரும்பாதீர்கள், திரும்பத் திரும்பத்தான் சுற்றிக்கொள்ளும். வந்த வழியே மெல்லப் பின்னால் நகர்ந்து பாருங்கள், கையால் தடவி எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், சிலிண்டர் வால்வுப் பக்கமென்றால் ஜோடி அறுக்கட்டும். நைலான் நூல் கலங்கலில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலில் கட்டுகிற பெரிய கத்தியை விட, இரு கையாலும் எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன நூல் வெட்டியும் கத்தரிக்கோலும் வைத்துக்கொள்வது உபயோகம்.

இவ்வளவு தொல்லைக்குக் கீழே என்னதான் இருக்கிறது பார்க்க?

இதைக் கேட்கிறவர்கள் தூரத்தில் பார்த்தே பழகியவர்கள். கலங்கிய தண்ணீர் பெரும்பாலும் சாப்பாடு நிறைந்த தண்ணீர், அதனால் உயிரும் நிறைய. பாறையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை எடுத்துக்கொள்ளுங்கள், தெளிந்த நாளில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு சாண் தூரத்தில் மூச்சை நிதானமாக்கிக்கொண்டு நின்று பாருங்கள். மேல் மூடி இரண்டாகப் பிளக்கும், உள்ளிருந்து இறகு போன்ற கால்கள் விரிந்து வெளியே வந்து தண்ணீரை ஒரு வீச்சு வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி விரியும், மறுபடி வாரும். உங்கள் நிழல் விழுந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே நகம் அளவில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும், இடுக்கில் நண்டு கண்ணை நீட்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பாறையைப் பார்த்து முடித்தால் அது நல்ல டைவ்.

கேமரா?

மேக்ரோ மட்டும், அதாவது சின்ன உயிர்களை மிக நெருக்கத்தில் எடுக்கும் படம். ஃபிளாஷை இரு பக்கமும் அகலமாகத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிதான் விழும். உங்கள் ஜோடிக்குக் கலங்கல் புதிது என்றால் கேமராவைக் கரையிலேயே வைத்துவிடுங்கள்.

மேலே இருப்பவர்களுக்கு என்ன வேலை?

எழுதுகிற வேலை. யார் யாரோடு, எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு வர வேண்டும், வந்தார்களா. ஏறியவர் அவரே வந்து பெயரைச் சொல்லி டிக் போட வேண்டும், அவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. தலையை எண்ணுவது போதாது, 1998-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் எண்ணிக்கை தவறி, இரண்டு டைவர்களைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது, ஆள் குறைவதே பிறகுதான் தெரிய வந்தது, அவர்கள் கிடைக்கவே இல்லை. கலங்கலில் குமிழியை வைத்துப் பின்தொடர்வதும் கஷ்டம், அலை இருந்தால் தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஜோடியிடமும் கீழிருந்தே ஊதி மேலே அனுப்பும் மிதவை ஒன்றும் விசிலும் இருக்க வேண்டும்.

மழைக்குப் பிந்தின கலங்கலில் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

சாக்கடையும் வயல் நீரும் கலந்து வருகிற இடமென்றால் இறங்காதீர்கள். காது, வயிறு, கையில் இருக்கிற சின்ன வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் கெடுதல்.

லாக் புத்தகத்தில் (டைவ் விவரம் குறித்துவைப்பது) எத்தனை மீட்டர் தெரிந்தது என்று எழுதுவது?

நினைப்பதை விடக் குறைத்து. தெளிந்த தண்ணீரில் பொருட்கள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பது போலத் தெரியும், கலங்கலில் இது தலைகீழாகி, பக்கத்தில் இருப்பதே தள்ளி இருப்பது போலத் தோன்றும், அதனால் ஒன்றரை மீட்டரை மூன்று என்று மனதாரச் சொல்வார்கள். ரீல் நூலில் மீட்டருக்கு ஒரு முடிச்சு இருந்தால் சண்டையே வேண்டாம், ஜோடியை அங்கேயே நிறுத்திவிட்டு, முகம் மங்கும்வரை பின்னால் நகர்ந்து, அங்கிருந்து மறுபடி அவர் முகம் தெரியும்வரை வந்து முடிச்சை எண்ணுங்கள். கூடவே காற்று எந்தப் பக்கம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, கடைசி மழை எப்போது என்றும் எழுதுங்கள். மீட்டரைக் கூட்டி எழுதாதீர்கள், அடுத்த வாரம் வருகிற ஜோடி அதை நம்பித்தான் பெயர் கொடுக்கும்.